கொல்லிமலையா, கீழ்ப்பழனியா, கோத்தகிரியா: தன் சோற்றைத் தானே விளைவிக்க எந்த மலை?

மலையில் நிலம் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியிலும் தையிலும்தான் போகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். ஓடைகளில் தண்ணீர் ஓடும், புல் முழங்கால் உயரம் நிற்கும், காப்பிச் செடியில் பழம் சிவந்திருக்கும். நானும் என் மனைவியும் முதல்முறை அப்படித்தான் போனோம். கொல்லிமலையில் ஒரு சரிவு நிலத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்று நின்றோம். பக்கத்து வயலில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைத் தடுத்தார். "மாசி கழிந்து ஒருமுறை வந்து பாருங்கள் தம்பி. அந்த ஓடையில் கல்லைப் புரட்டினால் நண்டு இருக்க வேண்டும். நண்டு இல்லையென்றால் அங்கே தண்ணீர் நிற்பதில்லை என்று அர்த்தம்."

பங்குனியில் போனோம். கல்லைப் புரட்டினோம். காய்ந்த மணல்தான் இருந்தது.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக மூன்று மலைகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தோம். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை, திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரம், நீலகிரியில் கோத்தகிரி. எங்கள் தேவை இதுதான்: நான்கு பேர் உள்ள குடும்பம், இரண்டரை முதல் மூன்று ஏக்கர் நிலம். தண்ணீர், தானியம், காய்கறி, பால், விறகு ஆகியவற்றில் முடிந்தவரை சொந்த நிலத்திலிருந்தே எடுக்க வேண்டும். உப்பு, எண்ணெய், மருந்து, பிள்ளைகளின் படிப்பு இவற்றுக்கான பணத்துக்கு ஒரு விலைப்பயிர் வேண்டும். வார இறுதியில் வந்து தங்கிப் போகும் பண்ணைவீடு தேடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் காட்சி முக்கியம், எங்களுக்குக் களம் முக்கியம்.

தண்ணீர்

முதலில் இதை அளக்காமல் வேறு எதையும் பேசக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அளப்பதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். ஊற்று வாயில் ஒரு குழாயைச் செருகி, வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். கேட்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் இரவும் பகலும் ஓடுவதால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். நான்கு பேரின் வீட்டுச் செலவுக்கு 400 முதல் 500 லிட்டர், ஒரு மாட்டுக்கு 60 லிட்டர் அளவில், ஐந்து சென்ட் காய்கறித் தோட்டத்துக்குக் கோடையில் நாளுக்கு 800 லிட்டர் என்று வைத்தால் கணக்கு சரியாக வந்துவிடும். எனவே நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஊற்றும், இரவில் வழிவதைப் பிடித்து வைக்கத் தொட்டியும் இருந்தால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த அளவு பங்குனியில் எடுத்ததாக இருக்க வேண்டும். மார்கழி அளவுக்கு மதிப்பே கிடையாது.

ஊற்று இல்லாத நிலத்தைக் கூரையைக் கொண்டு ஓரளவு காப்பாற்றலாம். நூறு சதுர மீட்டர் கூரையில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை விழுந்தால், வழிந்து வீணாவது போக எண்பதாயிரம் லிட்டர் தேறும். மழையில்லாத மூன்று மாதங்களுக்கு வீட்டுக்கு மட்டும் 45,000 லிட்டர் வேண்டும். இந்த மூன்று மலைகளிலும் ஆயிரம் மில்லிமீட்டருக்குக் குறையாத மழை உண்டு. ஆகவே குடிக்கவும் புழங்கவும் கூரைத் தண்ணீர் போதும். தோட்டத்துக்குப் போதாது. இத்தனை தண்ணீரைத் தேக்கும் தொட்டிக்கு ஆகும் செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றில் கோடைத் தண்ணீரில் எங்களுக்கு நம்பிக்கை தந்தது கீழ்ப்பழனி. காரணம் நிழல். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் பெரிய மரங்களின் கீழே இருக்கின்றன. சருகு மெத்தைபோல் கிடக்கிறது, மண் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கொல்லிமலையில் பள்ளத்து வயல்களின் தலைமாட்டில் நல்ல ஊற்றுகள் இருக்கின்றன. ஆனால் மேட்டில் மரங்களை எடுத்துவிட்டு ஆண்டுதோறும் மரவள்ளி நடுகிற சரிவுகளுக்குக் கீழே ஓடைகள் சீக்கிரம் வற்றுகின்றன. எங்களைப் பெரியவர் தடுத்த நிலத்துக்கு மேலேயும் மரவள்ளிதான் இருந்தது. ஊற்றைப் பார்ப்பதற்கு முன் அதற்கு மேலே என்ன வளர்கிறது என்று பார்க்க வேண்டும், அது யாருடைய நிலம் என்றும் கேட்க வேண்டும்.

கோத்தகிரியில் சதுப்புப் பள்ளங்கள் இயற்கையான தண்ணீர்த் தொட்டிகள். அவற்றில் பலவற்றை வடித்துக் காய்கறி போட்டுவிட்டார்கள். அங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. "தண்ணீர் இல்லையென்றால் போர் போட்டுக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் அந்தப் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

சோறு

தற்சார்பு பேசுகிறவர்கள் தக்காளியையும் கீரையையும் படம் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் வயிற்றை நிரப்புவது தானியம். நான்கு பேருக்கு மாதம் 35 கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 420 கிலோ. நெல்லாகப் பார்த்தால் ஏறத்தாழ 650 கிலோ. உரமில்லாமல், ஒரு போகம் மட்டும், மலைப் பள்ளத்து வயலில் ஏக்கருக்கு எட்டு முதல் பத்து குவிண்டால் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும் முக்கால் ஏக்கர் வயல் தேவைப்படும்.

இந்தக் கேள்வியில் கொல்லிமலையை மற்ற இரண்டாலும் நெருங்க முடியாது. மேல்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, தேவனூர்நாடு என்று ஊர்த்தொகுதிகளுக்கே 'நாடு' என்று பெயர். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரள மலையாளிகள் அல்ல) பல தலைமுறைகளாகப் பள்ளத்தில் நெல்லும், மேட்டில் சாமை, தினை, கேழ்வரகும், வரப்போரத்தில் அவரையும் மொச்சையும், வீட்டைச் சுற்றிப் பலாவும் வாழையும் வைத்துச் சாப்பிட்டவர்கள். தற்சார்புக்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த அமைப்பு அங்கேயே இருக்கிறது. ஆனால் அது சுருங்கி வருகிறது. கீழே சமவெளியில் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கு விலை கிடைப்பதால் சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின. சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகும் நல்ல பணம் தருகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களைக் காப்பாற்றுவதற்கென்றே நீண்ட காலமாக வேலை செய்து வருகிறது. அது தேவைப்பட்ட வேலை.

சிறுதானியத்தில் ஒரு நுணுக்கத்தை எனக்கு அங்கேயுள்ள பெண்கள்தான் சொன்னார்கள். சாமைக்கு உமி நீக்க வேண்டும். உரலில் குத்தினால் அரை நாள் வேலைக்கு இரண்டு வேளைச் சோறு. கேழ்வரகுக்கு அந்தப் பாடில்லை, அடித்துத் தூற்றி நேராகத் திரிகையில் போடலாம். அரவை இயந்திரம் பக்கத்தில் இல்லாத நிலத்தில் முதலில் போட வேண்டியது கேழ்வரகுதான். சாமை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று எழுதுகிறவர்கள் அதைக் குத்துகிற கைகளைப் பற்றியும் எழுதினால் நன்றாக இருக்கும்.

கீழ்ப்பழனி தானிய மலையல்ல. அது அடுக்குத் தோட்டத்தின் மலை. மேலே பலாவும் ஆரஞ்சும் காட்டுமரங்களும், அவற்றின்மேல் மிளகுக்கொடி, நடுவில் மலைவாழை, கீழே காப்பி, ஓரத்தில் சவ்சவ் பந்தல். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சிப் பழம் இந்த மலையின் சொத்து. முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழையைப் பெருமளவு அழித்தது. அதன்பின்தான் பலர் காப்பியை முதன்மைப் பயிராக்கினார்கள். ஒரே பயிரை நம்பியிருந்த தோட்டம் பட்ட பாட்டையும், ஐந்தாறு பயிர் வைத்திருந்தவர்கள் சமாளித்ததையும் அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையமும் இருப்பது புதிதாக வருகிறவருக்குப் பெரிய பலம். கன்று, நோய், கவாத்து எதற்கும் பக்கத்திலேயே கேட்க ஆள் உண்டு.

ஆனால் நெல்லுக்கோ கேழ்வரகுக்கோ வெயில் வேண்டும். நிழல்மரத்தை வெட்டினால்தான் வெயில் வரும், வெட்டினால் ஊற்றுப் போய்விடும். ஆகவே கீழ்ப்பழனியைத் தேர்ந்தெடுக்கிறவர் அரிசியை விலைக்கு வாங்குவதென்று முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். கீழே வத்தலக்குண்டுப் பக்கம் நெல் விளைகிறது. காப்பியையும் மிளகையும் இறக்கிவிட்டு நெல்மூட்டை ஏற்றிவருவது ஒன்றும் குறைவல்ல. மலைக்கும் சமவெளிக்கும் இடையே எக்காலத்திலும் நடந்துவந்த பண்டமாற்றுதான் அது. ரேஷன் கடையில் விலையில்லா அரிசியும் இருக்கிறது. அதை வாங்கினால் தற்சார்பு கெட்டுவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கோத்தகிரியைப் பற்றி இந்த இடத்தில் அதிகம் சொல்ல இல்லை. 1,800 மீட்டர் உயரத்தில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் அருமையாக வரும். படுகர்கள் முன்பு ராகியும் சாமையும் விளைவித்த மலைதான் அது. ஆனால் இன்று தேயிலை மலை. மண்ணின் புளிப்புத் தேயிலைக்கு ஏற்றது, தானியத்துக்குச் சுண்ணாம்பு போட்டுப் போட்டுத் திருத்த வேண்டும். குளிரில் எல்லாம் மெதுவாக வளரும், மட்கு உரம்கூட மெதுவாகத்தான் மட்கும். பச்சைத்தேயிலைக்கு நியாயமான விலை கேட்டுச் சிறுவிவசாயிகள் திரும்பத் திரும்பப் போராடும் நிலையில், அதை நம்பி அரிசி வாங்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெய் மூன்று மலைகளிலும் சிக்கல்தான். தென்னை இந்த உயரங்களில் சரியாகக் காய்க்காது. கொல்லிமலையின் தாழ்ந்த பகுதிகளில் நிலக்கடலை முயன்று பார்க்கலாம். மற்றபடி எண்ணெயை வாங்கத்தான் வேண்டும்.

யாருடைய நிலம்

கொல்லிமலை சோற்றில் வென்றது. அப்படியானால் ஏன் அங்கே வாங்கவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விலையும் கோத்தகிரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

அங்கே நல்ல வயல் என்று எங்களுக்குக் காட்டப்பட்டதெல்லாம் மலையாளி மக்களின் வயல். மகள் கல்யாணத்துக்கும், மருத்துவச் செலவுக்கும், அடகை மீட்பதற்கும் விற்க முன்வந்தவர்கள். விற்றபின் அதே நிலத்தில் கூலிக்கு வரத் தயாராக இருந்தார்கள். ஒரு குடும்பம் தன் சோற்றைத் தானே விளைவிப்பதற்காக இன்னொரு குடும்பத்தின் சோற்று வயலை எடுத்துக்கொண்டால் அதற்குத் தற்சார்பு என்று எப்படிப் பெயர் வைப்பது? எங்களால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. சட்டப்படியும் ஆபத்து உண்டு. பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு ஒப்படைத்த நிலங்களுக்கு விற்பனை நிபந்தனைகள் உண்டு. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் அந்த நிபந்தனை மறைந்துவிடாது. பிற்காலத்தில் நிலம் கைவிட்டுப் போகலாம், போகத்தான் வேண்டும்.

கொல்லிமலையில் வாழ விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, வயலைக் குத்தகைக்கு எடுங்கள். உரியவரே உடனிருந்து உழுதால் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நமக்குத் தெரியாத விதைப்பு நாளும் காவல் முறையும் அவருக்குத் தெரியும்.

காகிதங்களில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பதோடு நிற்காமல், வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் நிலம் எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்றும், புல வரைபடத்தில் காப்புக்காட்டின் எல்லை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பாதை யாருடைய நிலத்தின் வழியாக வருகிறது என்பது அதைவிட முக்கியம். 'எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்' என்பது உரிமை ஆகாது. பத்திரத்தில் பாதை எழுதப்பட்டிருக்க வேண்டும். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் மலிவாக நிலம் இருக்கிறது என்று எங்களுக்கு ஆசை காட்டினார்கள். அங்கே 1969-ஆம் ஆண்டின் ஜென்மி (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தோடு தொடங்கிய நிலச்சிக்கல் இன்னும் தீரவில்லை. அதனால் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

வீடு கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு, மலையில் எல்லோரும் 'ஹாகா' என்பார்கள். 1990-இல் அமைக்கப்பட்டது. நீலகிரி மாவட்டம் முழுவதும், கொடைக்கானல் தாலுகாவும் இதன்கீழ் வருகின்றன. மற்ற இடங்களில் கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். இந்த விதிகளைத் தொல்லையாகப் பேசுகிறவர்கள் 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மலைகளை நினைத்துப் பார்க்க வேண்டும், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களுக்கு நேர்ந்ததை நாடே பார்த்தது. சரிவை வெட்டிச் சமன்செய்து வீடு கட்டக்கூடாது, சரிவுக்கு ஏற்ற சிறிய வீடு போதும். மூன்றடி போனால் ஓரடிக்கு மேல் இறங்குகிற நிலத்தில் உழவே கூடாது, மரப்பயிரோடு விட்டுவிட வேண்டும். ஓடைக்கரையில் வீடு வேண்டவே வேண்டாம்.

காட்டுவிலங்கு

கொல்லிமலையில் யானை இல்லை. காட்டுப்பன்றியும் குரங்கும் உண்டு, கரடி உண்டு. கீழ்ப்பழனியில் யானை வரும், காட்டுமாடு வரும். வாழையும் பலாவும் பழுக்கும் காலத்தில் இரவுக் காவல் இல்லாமல் முடியாது. கோத்தகிரியில் தேயிலைக்கு நடுவே காட்டுமாடு நிற்பது அன்றாடக் காட்சி.

இதில் எங்களுக்குப் பிடிபட்டது ஒன்று. விலங்கு வருமா என்று கேட்டால் விற்கிறவர் இல்லை என்பார். வீட்டுக்குப் பக்கத்தில் பலா வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். யானை வழக்கமாக வரும் ஊரில் வாசலில் இருந்த பலாவை வெட்டியிருப்பார்கள், அல்லது பிஞ்சிலேயே காயைப் பறித்துவிடுவார்கள். திருட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது கொலை. யானையையும் கொல்லும், மனிதரையும் கொல்லும். அதைச் செய்தால்தான் காக்க முடியும் என்ற நிலம் நமக்கு வேண்டாம்.

மருத்துவமனை, பள்ளி, சாலை இவற்றில் கோத்தகிரி முன்னால் நிற்கிறது. மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை. கொல்லிமலையில் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் தேவைப்பட்டால் காரவள்ளி வழியில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். வயதான பெற்றோர் உடன் இருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை, சித்தரேவு வழியாக இறங்கலாம், பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் சாலையைப் பிடிக்கலாம். ஒரு பாதை மழையில் அடைபட்டால் மற்றொன்று உண்டு என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இத்தனையும் பார்த்தபின் நாங்கள் கீழ்ப்பழனிக்கு வந்து நிற்கிறோம். தானியத்தில் அது தோற்கிறது என்று தெரிந்தே இந்த முடிவு. அங்கே நாங்கள் பார்த்து வைத்திருக்கும் தோட்டத்தில் வீட்டு முற்றத்தை ஒட்டி வெயில் விழும் இருபது சென்ட் இருக்கிறது. அதில் கேழ்வரகும் அவரையும் போடலாம், மீதி அரிசியைக் காப்பியும் மிளகும் வாங்கித் தரும். பழம், காய், பால், விறகு, தண்ணீர் எல்லாம் நிலத்திலிருந்து. விற்கிறவரும் விவசாயத்தை விட்டு மதுரைக்குப் போய்விட்ட ஒரு தோட்டக்காரர், இந்த நிலத்தை நம்பி அடுப்பு எரிகிறவர் அல்ல. தனியாளாக விவசாயம் பார்க்க வருகிறவர், சமவெளியில் சந்தை வேண்டாம் என்று உறுதியாக இருக்கிறவர் என்றால் அவருக்கு இன்னமும் கொல்லிமலைக் குத்தகைதான் என் பரிந்துரை. ஓய்வூதியம் வருகிற, தோட்டம் மட்டும் போதும் என்கிற தம்பதிக்குக் கோத்தகிரி குறையில்லை.

அந்த நிலத்தின் ஊற்றைச் சென்ற பங்குனியில் அளந்தோம். வாளி நிரம்ப ஏழு நிமிடம் ஆனது. ஆனால் அதற்கு முந்தைய கோடையில் மழை நன்றாகப் பெய்திருந்தது என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அதனால் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. வரும் பங்குனியில் அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். மாதம் முழுவதும் தங்கி, வாரம் ஒருமுறை அளந்து எழுதி வைக்கப் போகிறோம். பத்து நிமிடத்துக்குள் வாளி நிரம்பினால் பத்திரம் எழுதுவோம்.